பன்னிரண்டாம் பொறி

ஆனி 25, புதன்

இந்த நோட்டு என்னுடையது அல்ல. விவசாய ஆபீஸிலிருந்து வந்த ஜெனிபர் என்ற பெண் கொடுத்தது. எங்கள் முப்பது சென்ட் கத்திரிக்காட்டில் இன்று பன்னிரண்டு பொறி நட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எந்தப் பொறியில் எத்தனை பூச்சி விழுந்தது என்று தினமும் எழுத வேண்டுமாம். மருமகள் சாந்தாமணிக்குப் பொழுது விடிந்தால் மாடு, சோறு, காடு என்று ஓட்டம். மகன் குமாரசாமிக்குக் கை நடுக்கம். நான் எழுதுகிறேன் என்றேன். ஜெனிபர் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாட்டி, எழுதத் தெரியுமா?"

"மூணாவது பாஸ் பண்ணியிருக்கறேன். வாத்தியார் வூட்டுக்கே வந்து, புள்ள நெம்ப நல்லாப் படிக்குதுன்னு எங்கப்பன்கிட்டச் சொன்னாரு. அப்பறந்தான் நிறுத்துனாங்க."

அவள் சிரித்தாள். சிரிக்கும்படி நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாத்தியார் அன்று எந்தச் சட்டை போட்டிருந்தார், எந்தப் பக்கத் தோள் கிழிந்திருந்தது என்றுகூட எனக்குத் தெரியும். எனக்கு மறதி கிடையாது. அது ஒரு வியாதி என்று சாந்தாமணி அடுக்களையில் நின்று சொல்வாள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்து.

இங்கிலீஷ் தேதி போடச் சொன்னாள். காலண்டரில் அதுதான் பெரிதாக இருக்கிறது. இருக்கட்டும். நான் ஆனி என்றுதான் போடுவேன்.

பொறி என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. இரண்டு பக்கமும் ஜன்னல் வெட்டி, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குச்சியில் கட்டியிருக்கிறார்கள். மூடியிலிருந்து ஒரு கம்பியில் வேப்பங்கொட்டை அளவு ரப்பர் தொங்குகிறது. சூட்சுமம் அதில்தான் இருக்கிறதாம்.

"பெண் அந்துப்பூச்சி ஆணைக் கூப்பிட ஒரு வாசனை விடும் பாட்டி. அதே மாதிரி செஞ்சு இந்த ரப்பர்ல ஏத்தியிருக்காங்க. ஜோடி இருக்குன்னு நெனச்சு ஆண் பூச்சி வரும், தண்ணியில விழுந்துரும். ஆணே இல்லைன்னா பெண் போடற முட்டை பொரிக்காது. காய்க்குள்ள புழு இருக்காது."

"அங்க பொண்ணு இருக்குதா இல்லயான்னு பாக்காதா?"

"வாசனை வந்தாப் போதும். பார்க்காது."

"நான் பார்த்ததெல்லாம் அந்த ரகந்தான்" என்றேன். குமாரசாமி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மோந்து பார்த்தேன். ரப்பர் வாசம்தான் அடித்தது. கையால் தொடக்கூடாது என்று சத்தம் போட்டாள். இனக்கவர்ச்சிப் பொறி என்று பெயராம். இந்தப் பெயரைக் கூட்டத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வெட்கமில்லாமல்.

ஆனி 26, வியாழன்

ஒன்று முதல் நான்கு வரை, அதாவது வேலாத்தாள் வேலி ஓரம்: ஒன்று. நடு வரிசை: மூன்று. எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்க வரிசையில் ஒன்பது, பத்து, பதினொன்று: ஐந்து. பன்னிரண்டு: பதினாறு.

பூச்சி என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளை இறகில் பழுப்புத் திட்டு. எல்லாம் ஆண். கூப்பிட்டவள் யாரென்று பார்க்காமல் வந்து சோப்புத் தண்ணீரில் மல்லாந்து கிடக்கின்றன.

பன்னிரண்டாவதற்கு மட்டும் ஜெனிபர் நல்ல ரப்பர் வைத்திருக்க வேண்டும். ஆபீஸ்காரர்கள் எதையும் ஒரே மாதிரி செய்ய மாட்டார்கள்.

ஆனி 27, வெள்ளி

மொத்தம் இருபத்தொன்று. பன்னிரண்டில் பதினான்கு.

ஆனி 29, ஞாயிறு

முதல் பறிப்பு. ஏழு பிளாஸ்டிக் கிரேட் வந்தது. இரண்டரை சொத்தை. சந்தைக்காரன் ஓட்டையுள்ள காயைக் கையில் தொடமாட்டான், நாம் என்னவோ உள்ளே போய்த் துளைத்த மாதிரி பார்ப்பான்.

குமாரசாமி சொத்தைக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மோட்டார் ரூம் சுவரில் மாட்டியிருக்கும் மருந்து டேங்கைப் பார்த்தான்.

"சாந்தா, பாதிக்கு மேல சொத்த போச்சுன்னா நான் டேங்க எடுத்துருவேன். சொல்லீட்டேன்."

"டாக்டர் என்னங்க சொன்னாரு? இன்னொருக்கா மருந்து மூக்குல ஏறுனா..."

"சொன்னாரு. டாக்டருக்குக் காடு இல்ல."

போன வருஷம் சித்திரையில் மருந்து அடிக்கும்போது நடுக்காட்டில் விழுந்தான். வாயில் நுரை. கண்மணி சின்னக் கடுகாகச் சுருங்கிப் போயிருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அவனுக்கு வந்த கை நடுக்கம் இன்னும் போகவில்லை. பெரிய பேத்தி தேன்மொழி கோயமுத்தூரில் நர்சு படிக்கிறாள், லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள்தான் எனக்கு விவரம் சொன்னாள், இனி ஒரு தடவை என்றால் பிழைக்க மாட்டான் என்று. இந்தப் பொறி விவகாரமெல்லாம் அதனால்தான். சாந்தாமணி ஆபீஸுக்கு நான்கு தடவை நடந்து வாங்கி வந்தது.

அன்றைக்கு மருந்து கலக்கிக் கொடுத்தது நான். அளவு எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். பாட்டிலில் போட்டிருந்தபடி என்றேன்.

இந்த நோட்டு பூச்சி எண்ணத்தான்.

ஆனி 30, திங்கள்

சொத்தைக் காயை என்ன செய்வது என்று சாந்தாமணிக்கும் எனக்கும் பேச்சு. குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்று ஜெனிபர் சொன்னாளாம்.

"ஆடு திங்கும். காயக் கொண்டு போயி மண்ணுக்குக் கொடுக்கறதுக்கு நான் என்ன கிறுக்கியா?"

"ஆடு பாதி திங்குது, பாதி வெறகு அட்டிக்கு அடியில உருண்டு கெடக்குதுங்க அத்தை."

"கெடந்தா உனக்கென்ன, இடிக்குதா?"

விறகு அட்டி என்னுடையது. கொல்லையில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளாமை முடிந்ததும் காய்ந்த கத்திரிச் செடியை வேரோடு பிடுங்கி, அந்த மாறைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைப்பேன். போன மாதம்கூட மேற்குப் பாத்திச் செடியைப் பிடுங்கிச் சேர்த்தேன். என் தலைக்கு மேல் உயரம். வீட்டில் கேஸ் இருக்கிறது. சாந்தாமணி அதில்தான் சமைக்கிறாள். குளிக்கிற வெந்நீர் மட்டும் என் அடுப்பில், என் விறகில். இந்த வீட்டில் விறகு இல்லாத நாள் என்று ஒன்று நாற்பத்து நான்கு வருஷமாகக் கிடையாது.

பொறி: மொத்தம் இருபத்தாறு. பன்னிரண்டில் பதினெட்டு.

ஆடி 1, வியாழன்

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். பூச்சி வேலாத்தாள் காட்டிலிருந்து வருகிறது. வேலாத்தாள் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவள் வீடு எங்கள் கொல்லை வேலியை ஒட்டி இருக்கிறது, காடு எங்கள் காட்டின் எதிர்க் கோடியில்; அங்கே அவர்களும் கத்திரிதான் போட்டிருக்கிறார்கள். அவள் காட்டில் களை வெட்டி நான் பார்த்ததில்லை.

அவளோடு நான் பேசுவதில்லை. குமாரசாமி பிறந்து ஒன்பதாம் நாளிலிருந்து பேசுவதில்லை. கார்த்திகை மாதம், அடைமழை. வீட்டு விறகெல்லாம் நனைந்து போயிற்று. பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். பச்சை உடம்போடு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய் வேலாத்தாள் வாசலில் நின்றேன். நாலு குச்சி கொடு என்று கேட்டேன். நாலு குச்சி. கட்டு கேட்கவில்லை.

"எங்களுதும் நனஞ்சு போச்சுங்க அக்கா" என்றாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையில் கூரை முட்ட அடுக்கியிருந்தது. மேல் வரிசையில் வெள்ளைக் கோழி ஒன்று படுத்திருந்தது. நனைந்த விறகில் கோழி படுக்காது.

பச்சைத் தண்ணீரில் துடைத்தேன். அன்று மத்தியானம் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. பிழைத்துக்கொண்டான். அது அவள் தயவில் அல்ல.

அந்தத் தையில்தான் முதல் அட்டி அடுக்கினேன்.

ஆடி 2, வெள்ளி

வேலி ஓரம் நான்கும் சேர்த்து: ஒன்று. பன்னிரண்டு: இருபது.

அவள் காட்டுப் பூச்சி வேலியோரப் பொறியைத் தாண்டி, முழுக் காட்டையும் கடந்து, எங்கள் கொல்லைக்கு வந்து விழுகிறது என்றுதான் அர்த்தம். அந்த வீட்டிலிருந்து வருவது எதுவும் நேராக வராது.

ஆடி 5, திங்கள்

யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பன்னிரண்டாம் பொறி ரப்பரை ஒன்றாவதற்கும், ஒன்றாவதன் ரப்பரைப் பன்னிரண்டுக்கும் மாற்றி மாட்டினேன். நல்ல ரப்பர் வேலாத்தாள் வேலியில் இருந்தால் நாளைக்கு அங்கேதான் இருபது விழும். குட்டு வெளிப்படும்.

கம்பி இறுகிப் போயிருந்தது. கையால்தான் கழற்றினேன். சேலையில் துடைத்துக்கொண்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆடி 6, செவ்வாய்

ஒன்று: ஒன்று. பன்னிரண்டு: இருபத்திரண்டு.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பொழுது சாய, கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பூச்சி வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. தட்டிவிட்டேன். இன்னொன்று. பிறகு சேலை முந்தியில் இரண்டு. தலையைச் சுற்றி மூன்று நான்கு. இறக்கையை அடித்துக்கொண்டு விரலைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. சாந்தாமணி பால் சொம்போடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"அத்தை, அந்த லூர் ரப்பரைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்?"

"அப்ப இதுக எதுக்கு உங்களச் சுத்துதுக?"

"அதுகளயே கேளு."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பால் சிந்திற்று. எழுபத்திரண்டு வயதில் எனக்கு இந்தக் கூத்து. குமாரசாமியின் அப்பன்கூட ஒரு நாளும் என்னை இப்படிச் சுற்றி வந்ததில்லை. சுற்ற வேண்டிய இடம் அவருக்கு வேறே இருந்தது. அதுவும் எனக்கு மறக்கவில்லை, இந்த நோட்டில் அதற்கு இடமில்லை.

சீயக்காய் போட்டு மூன்று தடவை கை கழுவினேன்.

ஆடி 7, புதன்

பன்னிரண்டு: பார்க்கவில்லை. கால் வலி.

ஆடி 10, சனி

ஜெனிபர் வந்தாள். நோட்டைப் புரட்டினாள். எண்களை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டாள். மற்றதைப் படித்தாளா தெரியவில்லை. படித்தால் படிக்கட்டும். ஜெனிபர், உன் கையெழுத்து கோழி சீய்த்த மாதிரி இருக்கிறது.

"பாட்டி, பன்னிரண்டு மட்டும் ஏன் இவ்வளவு? அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வூட்டுக் கொல்ல."

"போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"நாய் கடிக்கும்."

"உங்க வீட்டில நாய் இல்லையே?"

"இருந்துச்சு" என்றேன்.

உள்ளே கூட்டிப் போய் மோர் கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன். தேன்மொழியின் படிப்பைப் பற்றியெல்லாம் பேசினேன். அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாடிய குருத்தைக் கிள்ளிப் போடுங்கள், புழு அதற்குள் இருக்கும், பழைய செடி எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே போனாள். படித்தவர்கள் போகிற போக்கில்தான் சொல்வார்கள். நின்று சொன்னால் நாம் கேட்டிருப்போம்.

ஆடி 14, புதன்

பறிப்பு. ஒன்பது கிரேட்டில் ஐந்து சொத்தை.

குமாரசாமி மோட்டார் ரூமுக்குப் போய் டேங்கைக் கழற்றிக் கொண்டு வந்தான். தொட்டியடியில் உட்கார்ந்து கழுவினான். வாளியில் தண்ணீர் மொள்ளும்போது பாதி கீழே கொட்டியது. சாந்தாமணி வாளியைப் பிடுங்கினாள். அவன் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"திங்கக்கெழம வெள்ளனே அடிக்கறேன். நீ தண்ணி மட்டும் கொண்டாந்து ஊத்து" என்றான்.

"நான் ஊத்த மாட்டேனுங்க."

"அப்ப அம்மா ஊத்தும்."

என்னைப் பார்த்தான். நான் கூடையைப் பார்த்தேன்.

மருந்துக் கடையிலிருந்து பாட்டில் வந்துவிட்டது. அதே பாட்டில். அதே மூடி.

ஆடி 16, வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் வேலாத்தாள். வேண்டுமென்று நின்றாளா தெரியவில்லை. அவளுக்கும் முடி கொட்டிவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாள்.

"அக்கா" என்றாள்.

நான் திரும்பவில்லை.

"குமாரசாமி மறுக்கா மருந்து அடிக்கறானாமா. அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பொழுது சாயறப்ப உங்க வெறகு அட்டியில இருந்து வெள்ள வெள்ளையாக் கெளம்புதுங்க. ரெண்டு மாசமா எங்க வாசல்ல உக்காந்து பாக்கறேன். பூச்சி அங்கதானுங்க பொரிக்குது."

"உன்னய நான் கேட்டனா?"

"கேக்கலீங்க."

"ரெண்டு மாசமா பாத்துட்டு இன்னிக்குத்தான் சொல்றயா?"

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? புள்ளைக்கு ஆகாதுன்னுதான் சொல்றேன்."

புள்ளைக்கு என்கிறாள். புள்ளைக்கு. வாயில் கூழ் இருந்தது, இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன். பொய்க்காரி. நனைந்த விறகில் கோழி படுக்க வைத்தவள், அட்டியில் பூச்சி பொரிக்க வைப்பாள்.

ஆடி 17, சனி

பொழுது சாயும் முன்பே கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அட்டிக்கு அடியில் உருண்டு கிடந்த சொத்தைக் காயை ஆடு முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஒரு மாறை உருவிப் பார்த்தேன். காய்ந்த இலை மடிப்பில் சின்னப் படகு மாதிரி பழுப்புக் கூடு. இன்னொரு மாறில் மூன்று. நகத்தால் கீறினேன். உள்ளே அசைந்தது.

விளக்கு வைக்கும் நேரம் முதல் பூச்சி வெளியே வந்தது. மாறு மேல் நின்று இறகை விரித்துக் காயவைத்தது. பிறகு இன்னொன்று. பதினேழு வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. ஊரே ஆற்றுக்குப் போயிற்று. குமாரசாமியும் சாந்தாமணியும் போனார்கள். எனக்குக் கால் வலி என்றேன்.

சொத்தை எல்லாவற்றையும் கூடையில் அள்ளி முதலில் அட்டி மேல் கொட்டினேன். ஆடு கத்திற்று. தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. ஆறு குச்சி கிழித்தேன், ஆறும் வழுக்கிற்று. நிமிர்ந்தால் வேலிக்கு மேல் ஒரு கை. கையில் தீப்பெட்டி. இந்தப் பொம்பளைக்கு ஆற்றுக்குப் போக முடியவில்லையா, என்னைப் பார்ப்பதே வேலையா.

"காஞ்சதுங்க அக்கா. நல்லாப் பத்தும்."

வாங்கவில்லை. வீட்டுக்குள் போய் கேஸைப் பற்றவைத்து, அதில் ஒரு மாறைக் காட்டிக் கொள்ளி எடுத்து வந்தேன். சாந்தாமணியின் கேஸ் அடுப்பை நான் தொட்டது இதுதான் முதல் தடவை. எரிகிறது, பரவாயில்லை.

காய்ந்த மாறு கேட்கவா வேண்டும். மேற்கிலிருந்து ஆடிக் காற்று வேறு. தீ என் தலைக்கு மேல் போயிற்று. வேலாத்தாள் ஒரு குடம் தண்ணீரோடு அவள் பக்கத்து வேலியை ஒட்டி நின்றாள், முடியும் வரை. கூரைக்குப் பொறி பறக்காமல் பார்த்தாள். அவள் கூரைக்குத்தான். எங்கள் கூரை ஓடு.

மத்தியானத்துக்குள் சாம்பல். நாற்பத்து நான்கு வருஷம் கூடையில் அள்ளினால் ஆறு கூடை. கத்திரிக்குப் போடலாம்.

பன்னிரண்டு: இருபத்து மூன்று. இது காலையில் எண்ணியது.

ஆடி 19, திங்கள்

மருந்து அடிக்கவில்லை. டேங்கில் தண்ணீர் நிற்கவில்லை. அடியில் ஓட்டை. கட்டைவிரல் அளவு, நல்ல வட்டம், ஓரம் உருகின மாதிரி.

"எலி" என்றேன்.

சாந்தாமணி டேங்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் சாய்த்து வைத்திருந்த என் ஊதுகுழலைப் பார்த்தாள். இரும்புக் குழல். அதன் முனை கறுத்திருந்தது.

"டேங்குக்கும் காய்ப்புழு விழுந்துருச்சாட்டிருக்குதுங்க அத்தை."

"இருக்கும். இந்த வருஷம் புழு சாஸ்தி."

குமாரசாமி சிரிக்கவில்லை. "வெசாழக்கெழம கடையில வாடகை டேங்கு கெடைக்கும்" என்றான்.

அப்புறம் அவன் தனியாக வரப்பில் உட்கார்ந்திருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது இரண்டு இருந்தது. ஒன்று அட்டியைப் பற்றி. பூச்சி வேலாத்தாள் காட்டிலிருந்து வரவில்லை, நான் அடுக்கியதிலிருந்து வந்தது, எரித்துவிட்டேன், ஒரு வாரம் பொறு என்றேன்.

இன்னொன்று மூடியைப் பற்றி. போன சித்திரையில் ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் இரண்டு மூடி ஊற்றினேன். ஒன்றுக்குப் புழு அடங்கவில்லை. டாக்டரிடம் பொய் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"தெரியும்மா. பாட்டில் அன்னிக்கே பாதி காலியாயிருந்துச்சே."

பதினைந்து மாதமாகத் தெரிந்துகொண்டே என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வஞ்சம் வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை, சண்டை போடவும் தெரியவில்லை. யார் வயிற்றில் பிறந்தானோ.

ஒரு வாரம் பொறுக்கிறேன் என்றான்.

ஆடி 20, செவ்வாய்

பன்னிரண்டு: பதினைந்து.

ஆடி 21, புதன்

பதினொன்று.

சாந்தாமணியும் நானும் வாடிய குருத்துக் கிள்ளினோம். கிள்ளியதைச் சோப்பு வாளியில் போட்டோம். ஆட்டுக்குப் புல் பிடுங்கிப் போட்டேன். என்னைத் திட்டுகிற மாதிரி பார்த்துவிட்டுத் தின்றது.

ஆடி 22, வியாழன்

எட்டு. கடைக்காரன் வாடகை டேங்கு வேண்டுமா என்று போன் பண்ணினான். குமாரசாமி எடுக்கவில்லை. இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

ஆடி 25, ஞாயிறு

ஐந்து.

ஆடி 28, புதன்

பன்னிரண்டு: மூன்று. மற்றதெல்லாம் சேர்த்து ஐந்து.

பறிப்பு. பத்துக் கிரேட்டில் மூன்று சொத்தை. குமாரசாமி சொத்தையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய் அவனே குழி வெட்டிப் புதைத்தான். நடுங்குகிற கையால் வெட்டிய குழி கோணலாகத்தான் இருந்தது.

சாந்தாமணி மருந்துப் பாட்டிலை மூடி திறக்காமல் கடைக்கே கொடுத்துவிட்டு வந்தாள். டேங்கு மறுபடி சுவரில் தொங்குகிறது. ஓட்டை வழியாக உள்ளே ஒரு குருவி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஜெனிபர் வந்தாள். அட்டி இருந்த இடத்தில் கறுப்பாக இருப்பதைப் பார்த்தாள்.

"பாட்டி, நாய் எங்க?"

"எரிச்சாச்சு" என்றேன்.

இந்த முறை நானும் கொஞ்சம் சிரித்தேன். ரப்பர் மாற்றிவிட்டுப் போனாள். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் ஒரே பாக்கெட்டிலிருந்துதான் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆவணி 5, வியாழன்

இரண்டு நாளாக மழை. பறிப்பு பதினொரு கிரேட், ஒன்று சொத்தை. குமாரசாமி நனைந்துகொண்டே ஏற்றிவிட்டு வந்தான். பல் கிட்டுகிற மாதிரி நடுங்கினான். அவனுக்கு நடுக்கம் எது, குளிர் எது என்று பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும். குளிர்.

வெந்நீர் வைக்க வேண்டும். விறகு இல்லை. அட்டி எரிந்த பிறகு அங்கே இங்கே பொறுக்கி வைத்த சுள்ளியும் மழையில் நனைந்துவிட்டது. நாற்பத்து நான்கு வருஷத்தில் முதல் நாள். கேஸ் சிலிண்டரும் காலையில்தான் தீர்ந்தது, நாளைக்குத்தான் வரும் என்று சாந்தாமணி கையைப் பிசைந்தாள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. அதை எழுதி வைக்கிறேன். கேட்கவில்லை.

வேலாத்தாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, எங்கள் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு கட்டு. சீமைக்கருவேலம். காய்ந்தது. கொட்டகையிலிருந்து எடுத்து வந்ததாகச் சொன்னாள்.

"புகை வரலீங்க உங்கூட்டுல. அதான்."

"கத்திரி மாறு இல்லயே?"

"இல்லீங்க அக்கா. அத நானும் எரிச்சுப்போட்டேன்."

கட்டை அவிழ்த்தேன். நாலு குச்சி எடுத்துக்கொண்டேன். கணுவில்லாததாகப் பார்த்து எடுத்தேன். மீதியை மறுபடி கட்டி அவள் இடுப்பிலேயே வைத்தேன்.

"முழுசும் உங்களுக்குத்தானுங்க."

"அன்னிக்குக் கேட்டது நாலுதான்."

அவள் போனாள். மழைக்குள் சாக்கு நனைகிற சத்தம் வேலி வரைக்கும் கேட்டது.

நாலு குச்சியில் ஒரு அண்டா வெந்நீர் காயாது. வெதுவெதுப்புதான் வந்தது. குமாரசாமி போதும்மா என்றான். முதுகு நான் தேய்த்துவிட்டேன்.

பன்னிரண்டு: ஒன்றுமில்லை.